முந்திரிகைக் கொடியும் மூன்று பரப்புக் காணியும்

கொட்டாஞ்சேனையில் ஒவ்வொரு மாதமும் முதலாவது சனிக்கிழமை எமது பெண்கள் குழு கூடுகின்றது. சுழற்சிக் கடனுக்குத் தவணை கட்டுவது, பிளேன்ரீ குடிப்பது, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை, காணாமற்போனவர்களின் கதை என்று இரண்டு மணித்தியாலம் போய்விடும். 2022 ஆம் ஆண்டு ஆவணி மாதக் கூட்டத்திற்கு ஓர் அக்கா பழைய சீலைத்துண்டில் சுற்றிய போத்தல் ஒன்றுடன் வந்தார். இத்தாலியில் பலேர்மோ நகரில் வீட்டு வேலை செய்யும் அவரது தங்கை லீவில் வந்தபோது கொண்டுவந்த வைன் போத்தல் அது. வாடகை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்காகக் கொண்டு போகும் வழியில் எமது கூட்டத்திற்கும் வந்திருந்தார்.

போத்தலைக் கண்டதும் சபையில் சலசலப்பு ஏற்பட்டது. "என்ரை மனுசன் குடிச்சே செத்தவர். அதைத் தூரத்திலை வையுங்கோ" என்று ஒரு தாய் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. இச்சஞ்சிகையை வாசிக்கும் தோழியரில் எத்தனை பேர் கசிப்பாலும் சாராயத்தாலும் அடியும் பட்டினியும் கண்டவர்கள் என்பதை நான் அறிவேன். ஆகையால் வைனைப் பற்றி எழுதுவதற்கு எனக்கே தயக்கமாக இருந்தது. ஆனால் அந்த அக்கா போத்தலின் லேபிளைத் திருப்பிக் காட்டிச் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

"உள்ளுக்கை கிடக்கிறதைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனா இதிலை கீறியிருக்கிற கொடியைத் தெரியும். வடிவா வெட்டின கொடி. ஒவ்வொரு கிளையிலையும் ரண்டு கண் விட்டு வெட்டியிருக்கு."

தன் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரை முழுவதும் அவரை அக்கா என்றே குறிப்பிடுகின்றேன். கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவர் என்று மட்டுமே அதுவரை அவரை எமக்குத் தெரியும். உரும்பிராயில் அவருக்கு மூன்று பரப்பு முந்திரிகைத் தோட்டம் இருந்த கதை அன்றுதான் வெளியே வந்தது.

ஏனைய பிரதேச வாசகியருக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் திராட்சையைத்தான் முந்திரிகை என்கின்றோம். கஜுவுக்கு மரமுந்திரிகை என்று பெயர். உரும்பிராய், கோண்டாவில், இணுவில், நீர்வேலி, அச்சுவேலி என்று செம்மண்ணும் நல்ல கிணறும் உள்ள ஊர்களில் போயிலை, வெங்காயத்துக்குப் பக்கத்தில் முந்திரிகைப் பந்தலையும் காணலாம். அதிகம் நடப்படுவது 'இஸ்ரேல் புளூ' என்ற கறுத்தப் பழ இனம். நட்டு ஒன்றரை வருடமளவில் முதற் காய்ப்பு வரும். அதன்பின் ஒவ்வொரு முறை வெட்டியதிலிருந்தும் ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் பறிக்கலாம்.

'வெட்டியதிலிருந்து' என்பதுதான் இங்கே முக்கியம். முந்திரிகை குளிர் நாட்டுக் கொடி. ஐரோப்பாவில் மாரிகாலத்தில் இலையெல்லாம் கொட்டி மூன்று நாலு மாதம் உறங்கும். வெயில் வந்ததும் விழித்துப் பூக்கும். யாழ்ப்பாணத்தில் பனியும் இல்லை, உறக்கமும் இல்லை. சும்மா விட்டால் கொடி வருடம் முழுவதும் இலையும் தண்டுமாக ஓடிக்கொண்டே இருக்கும். காய்க்காது என்றே சொல்லலாம். அதனால் தோட்டக்காரர் தண்ணீரை மறித்துக் கொடியை வாடவிட்டு, பின் கிளைகளைக் குறுக்க வெட்டி, எருவும் தண்ணீரும் கொடுத்து எழுப்புகின்றனர். பத்து நாளளவில் கண் முளைக்கும். புதுத் தளிரோடு பூங்கொத்தும் வரும். எந்தக் கண்ணை விடுவது, எதை வெட்டுவது என்பதில்தான் அந்தப் போகத்தின் வரவு செலவு முழுவதும் இருக்கின்றது. எந்த மாதத்தில் வெட்டுவது என்பதும் அப்படியே. மாரி மழையில் பழம் பழுத்தால் வெடித்து அழுகும், இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். எனவே மாசியில் வெட்டினால் ஆனியில் பழம். ஆனியில் வெட்டினால் ஐப்பசி மழைக்கு முன் பழம்.

அக்காவுக்கு இந்தக் காணி சீதனமாக வந்தது. 1999 இல் கலியாணம், 2000 இல் கணவர் கொடி நட்டார். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது யாழ்ப்பாணத்துப் பழம் லொறியில் கொழும்புக்கு வரத் தொடங்கியது. "அந்த நாலு வருசந்தான் நாங்கள் மனுசரா இருந்தது" என்பார் அக்கா. அவருடைய தகப்பனார் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யூரியா வராது, எரிபொருளுக்குக் கட்டுப்பாடு. இறைப்பு மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் துலாவுக்குத் திரும்பிய தோட்டங்கள் எத்தனையோ.

2006 ஆவணி 11 ஆம் திகதி ஏ9 மூடப்பட்டது. அக்காவின் பந்தலில் அப்போது பழம் பழுக்கும் தறுவாயில் இருந்தது. உள்ளூர்ச் சந்தையில் வாங்க ஆளில்லை. அயலுக்குக் கொடுத்தார்கள், ஆட்டுக்குப் போட்டார்கள், மிச்சம் பந்தலிலேயே வெடித்துக் குளவி மொய்த்தது. அடுத்த வருடம் மாசி மாதத்தில் கணவர் சைக்கிளில் உரம் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. கொடி வெட்ட நாள் பார்த்து வைத்திருந்த கிழமை அது.

ஆறு வயது மகனையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். வந்து சில வாரங்களில் 2007 யூன் 7 ஆம் திகதி நடந்தது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தோழியருக்கு நினைவிருக்கும். லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பிய நாள். மறுநாள் உயர்நீதிமன்றம் தடை உத்தரவு பிறப்பித்தது. அன்று அக்கா பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு விடிய நாலு மணிக்கே சமையல் வேலைக்குப் போயிருந்ததால் தப்பினார்.

இத்தனைக்கும் பிறகு 2022 இல் அவர் எம்மிடம் கேட்டது இதுதான். மகனுக்கு இருபத்தொரு வயது. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில் மற்றப் பொடியன்களைப் போல அவனும் வெளியில் போக நின்றான். பலேர்மோவில் சித்தி இருக்கிறா. ஏஜன்சிக்குக் கொடுக்கக் காசு வேண்டும். காணியை விற்கலாமா?

விற்கலாம் என்று சொன்னேன். ஏன் மறைப்பான்? எமது தொழிலில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வெறுங்காணி, தூர இடம், பராமரிக்க ஆளில்லை, கையில் தேவை இருக்கிறது என்றால் 'விற்று முதலாக்குங்கள்' என்று கணக்குப் போட்டுவிடுவோம். சமூகவியல் படித்தவள் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. காணியைக் கண்ணாலும் காணாமல் சொன்ன புத்தி அது.

விற்பதற்கு முதல் தடை சட்டத்தில் வந்தது. சீதனக் காணி பெண்ணுடையதுதான். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருப்பது இது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. இந்த இரண்டாவது பகுதியைப் பெரும்பாலான தோழியர் அறிந்திருப்பதில்லை. காணாமற்போனவருக்கு மரணப் பதிவு எடுக்க மனம் ஒப்பாதவர்கள், 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழைப் பெறவும் வழியுண்டு. அக்கா அதைத்தான் தெரிவு செய்தார். "செத்தார் எண்டு நான் கையெழுத்துப் போடமாட்டன்" என்பது அவருடைய வார்த்தை.

உறுதியின் பிரதி எடுப்பதற்காக 2023 தை மாதம் இருவரும் வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் போனோம். அனுராதபுரத்துக்கு அங்கால் பாதை திருத்த வேலைக்காக அப்போது ரெயில் இல்லை. உரும்பிராயில் இறங்கி நேரே காணிக்குப் போனோம். பந்தல் தூண்களில் பாதி சரிந்து கிடந்தது. கம்பி துருப்பிடித்திருந்தது. ஆனால் கணவர் நட்ட கொடிகளில் ஒன்பது உயிரோடு இருந்தன. பதினாறு வருடமாக ஒருவரும் வெட்டவில்லை. வேலிக் கிளுவையிலும் பூவரசிலும் ஏறி, பக்கத்து வளவுக்குள்ளும் போய்விட்டிருந்தன. அடித்தண்டு என் மணிக்கட்டை விட மொத்தம். எங்கு பார்த்தாலும் இலை. ஒரு பழம் இல்லை.

அக்கா நிறைய நேரம் பேசவில்லை. பிறகு தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை. "இது சாகேல்லை தங்கச்சி. வெட்ட ஆளில்லாமல் நிண்டது" என்றார்.

நான் வழமைபோல, நல்ல ஒரு ஆளைக் கூலிக்குப் பிடித்து வெட்டுவிக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலில் ஒரு குடும்பத் தோட்டத்தின் முழு நிர்வாகமும் விளங்கியது. புல்லுப் பிடுங்கியது, வாய்க்காலில் தண்ணீர் மாறியது, குழை தாழ்த்தது, கொத்திலிருந்த பழுதுக் காயைக் கத்தரியால் நறுக்கியெடுத்தது, பழம் பறித்துப் பெட்டியில் அடுக்கியது எல்லாம் அவரும் மாமியாரும். கொடி வெட்டுவதும் வியாபாரியோடு விலை பேசுவதும் ஆம்பிளைகள். துடக்கு நாட்களில் பந்தலுக்குள் காலே வைக்கக்கூடாது. கொடி வெட்டும் கத்தரியை ஏழு வருடத்தில் ஒரு நாள் கூட அவர் கையில் எடுத்ததில்லை. "ஆனா ஒவ்வொரு முறையும் வெட்டின கொப்புகளை அள்ளிப் போட்டது நான்தானே. எதை வெட்டினவர், எதை விட்டவர் எண்டு எனக்குத் தெரியாதே?"

அன்று பின்னேரம் யாழ் நகரில் உள்ள செபமாலைக் கன்னியர் மடத்துக்கும் போனோம். முந்திரிகையைப் பற்றி எழுதப் போனால் இவர்களைத் தவிர்க்க முடியாது. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் 1928 பெப்ரவரி 2 ஆம் திகதி வசாவிளானுக்கு அருகிலுள்ள தோலகட்டியில் ஒரு ஆச்சிரமத்தைத் தொடங்கினார். செபமும் மௌனமும் உடலுழைப்பும் கொண்ட, நம் மண்ணிலேயே பிறந்த துறவற சபை அது. கன்னியர் பிரிவு பின்னர் ஏற்பட்டது. சொந்த உழைப்பில் வாழவேண்டும் என்பதால் நெல்லி ரசம், முந்திரிகை ரசம், வைன் என்று செய்து விற்கின்றார்கள். யாழ்ப்பாணத்தில் தோலகட்டி நெல்லி ரசம் குடிக்காத வீடு குறைவு. வெள்ளவத்தைக் கடைகளிலும் தேடி வாங்குவோர் உண்டு. 'ரொசெற்றோ' என்ற பெயரில் வரும் இவர்களின் வைன் கறுவாவும் கராம்பும் சேர்ந்த இனிப்பு வைன். நான் ஒரு மூடியளவு ருசித்துப் பார்த்தேன். இருமலுக்குக் குடிக்கும் கசாயத்தை நினைவுபடுத்தியது என்றால் கன்னியர் கோபிக்கமாட்டார்கள் என்று நினைக்கின்றேன்.

ஒரே பழம் ஒரு போத்தலில் ரசமாகவும் இன்னொன்றில் வைனாகவும் இருப்பது எப்படி என்று குழுவில் பிறகு கேட்டார்கள். பனை தெரிந்தவர்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை. சுண்ணாம்பு பூசிய முட்டியில் விழுந்தால் கருப்பணி, பூசாத முட்டியில் விழுந்தால் கள்ளு. பாளை ஒன்றுதான். காற்றிலும் தோலிலும் இருக்கும் நொதி சீனியைத் தின்று வெறியமாக்குகின்றது. அதை மறித்தால் இனிப்பு, விட்டால் மது. மறிக்காமலும் கவனிக்காமலும் காற்றுப்பட விட்டால் இறுதியில் வினாகிரி. முந்திரிகையில் நொதி ஏறுவதற்குப் பழத்தை நசித்துத் தோலோடு வைக்கின்றார்கள். கறுத்தப் பழத்தின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. சாறு ஏறக்குறைய நிறமற்றது. நத்தாருக்கு வீட்டில் சாடியில் வைன் போடும் கொட்டாஞ்சேனை வீடுகளில் இதை நேரே காணலாம். ஆனால் உத்தரவுப் பத்திரம் இன்றி மதுபானம் செய்வது மதுவரிச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கின்றேன். பிறகு என்னை வந்து பிடிக்கவேண்டாம்.

இத்தாலிப் போத்தலின் கதைக்கு வருகிறேன். அந்த லேபிளைக் கண்ட நாளிலிருந்து அந்த நாட்டில் இதை எப்படிக் குடும்பமாகச் செய்கின்றார்கள் என்று தேடி வாசித்தேன். வாசித்தவற்றில் என் மனதில் நின்றது வட இத்தாலியில் பரோலோ என்ற சிறு ஊரிலுள்ள மஸ்கரெல்லோ குடும்பம். யூலியோ மஸ்கரெல்லோ 1918 இல் தொடங்கிய தோட்டம். அளவு ஏறக்குறைய ஐந்து ஹெக்டெயர், அதாவது பன்னிரண்டு ஏக்கர்தான். அங்குள்ள பெரிய கம்பனிகளோடு பார்த்தால் வீட்டுத் தோட்டம். நெபியோலோ என்ற பழத்தை ஒக்டோபரில் பறித்து, சீமெந்துத் தொட்டியில் தோலோடு ஒரு மாதத்துக்கும் மேல் ஊறவிடுகின்றார்கள். வெளியிலிருந்து நொதி வாங்கிப் போடுவதில்லை, பழத்தோடு வந்ததே போதும். பின்னர் பழைய பெரிய ஓக் மரப் பீப்பாக்களில் வருடக்கணக்கில் கிடக்கும். பரோலோ என்ற பெயரைப் போத்தலில் போடவேண்டுமானால் அறுவடை முடிந்ததிலிருந்து 38 மாதங்கள் முதிரவேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கின்றது. மூன்று வருடத்துக்கு மேல் காசைக் கண்ணால் காணாமல் காத்திருக்கவேண்டும்.

யூலியோவின் மகன் பார்தோலோ காலத்தில் ஊரே மாறியது. சிறிய புதுப் பீப்பாய்களில் போட்டால் வைன் வெளிநாட்டுக்காரரின் வாய்க்குச் சீக்கிரம் பிடிக்கும், விலையும் ஏறும் என்று பலர் மாறினார்கள். பார்தோலோ மாறவில்லை. முதுமையில் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு போத்தல் லேபிள்களைத் தன் கையால் கீறினார். 'சிறு பீப்பாவும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று எழுதி, நாட்டின் அரசியல்வாதியையும் சேர்த்துக் கிண்டல் செய்த லேபிள் பெரிய பேச்சானது. அவருக்கு ஒரேயொரு பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை. மரியா தெரேசா 1993 இல் தகப்பனோடு வேலைக்குச் சேர்ந்தார். 2005 இல் தகப்பன் இறந்தபின் முழுப் பொறுப்பையும் ஏற்றார். தாத்தா செய்த முறையை மாற்றாமல் செய்கின்றார்.

இதை வாசித்துவிட்டு 'ஐரோப்பாவில் பெண்ணுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது' என்று எழுத எனக்கு மனமில்லை. அதே மலைப்பகுதியின் ஏழை விவசாயப் பெண்களின் வாய்மொழிகளை நூத்தோ ரெவெல்லி என்பவர் திரட்டி 1985 இல் நூலாக்கினார். உலகப் போருக்குப் பின் அங்கே கொடி மட்டுந்தான் மிஞ்சியது, சாப்பாடு இல்லை. அல்பா நகரில் 1946 இல் பெரேரோ கம்பனி தொடங்கிய இனிப்புத் தொழிற்சாலைக்கு, இன்று நியூட்டெல்லா செய்யும் அதே கம்பனிக்கு, இளம்பெண்கள் போய்விட்டார்கள். மாட்டுத் தொழுவத்துக்கும் மாமியாருக்கும் திரும்பிவர அவர்களுக்கு விருப்பமில்லை. தோட்டத்தில் நின்ற ஆண்களுக்குப் பெண் கிடைக்காமல், தரகர் மூலம் தெற்கே கலாபிரியாவிலிருந்து பெண் எடுத்தார்கள். மொழியும் சரியாக விளங்காத ஊரில் அந்தப் பெண்கள்தான் கொடியையும் பிள்ளைகளையும் பார்த்தார்கள். தோட்டத்தின் பெயர்ப்பலகையில் அவர்களின் பெயர் இல்லை. உரும்பிராய் மாமியார்களுக்கும் இந்தக் கதை புதிதாக இராது.

எமது நாட்டில் சட்டமும் சேர்ந்துகொள்கின்றது. மதுபானம் உற்பத்தி செய்வது, போத்தலில் அடைப்பது, விற்பது போன்ற வேலைகளில் பெண்களை அமர்த்துவதற்குத் தனி அனுமதி தேவை என்ற பழைய விதியை 2018 தை மாதத்தில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன அதனைத் திரும்பப் பெறுமாறு பணித்தார். பெண்கள் குடிப்பதற்கு வழி திறக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் பெரும் சத்தம். வேலைக்கான விதி எவர் வாயிலும் வரவில்லை. குடியால் பாதிக்கப்பட்ட பெண்களோடு வேலை செய்யும் நான் மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. வீட்டுக்குள் குடிகாரனின் அடியை வாங்குவதற்குப் பெண்ணுக்கு எந்த உத்தரவுப் பத்திரமும் தேவைப்படுவதில்லை, போத்தலுக்கு மூடி போடுவதற்குத்தான் தேவைப்படுகிறது என்பதைக் குறிப்பிட விரும்புகின்றேன்.

2023 மாசி இறுதியில் அக்கா தனியே உரும்பிராய் போனார். மகள் இடியப்ப ஓடரைப் பார்த்துக்கொண்டாள். குழுவின் சுழற்சிக் கடனில் நாற்பதாயிரம் ரூபா கொடுத்தோம். எமது செயற்குழுவில் இருவர் 'பதினாறு வருடக் கிழட்டுக் கொடிக்கா?' என்று கேட்டது உண்மை. வங்கி ஒன்றில் முதலில் கேட்டபோது ஈடு வைக்கக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கத்தரி ஒன்று வாங்கினார். முதலில் ஒரேயொரு கொடியை வெட்டினார். அன்றிரவு தொலைபேசியில் அவர் குரல் நடுங்கியது. கொலை செய்ததுபோல் இருந்ததாம். வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்ததாம். கொடி அழுகிறது என்று பயந்து விவசாயப் போதனாசிரியரிடம் ஓடியிருக்கிறார். கொடி நன்றாகத் தண்ணீர் இழுக்கிறது என்பதற்கு அது நல்ல குறி என்று அவர் சிரித்தாராம். மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக மற்ற எட்டையும் வெட்டினார்.

இரண்டு செத்துப்போயின. ஏழு தளிர்த்தன. அந்த ஆனி மாதம் பதினொரு கொத்துக் கிடைத்தது. விற்க முடியாத அளவு. குழுக் கூட்டத்திற்குக் கொண்டுவந்தார். போத்தலைத் தூர வைக்கச் சொன்ன அந்தத் தாய்தான் முதல் ஆளாகப் பிய்த்துத் தின்றார். புளிப்பு அதிகம். தோலும் தடிப்பு. நாங்கள் கொட்டையையும் துப்பாமல் தின்றோம்.

அதன்பின் வெட்டிய கொப்புகளைப் பதியம் வைத்து இருபத்தாறு புதுக்கொடி நட்டிருக்கிறார். பழம் வந்தால் சந்தைக்கா, ரசம் செய்யவா என்று இப்போதே கணக்குப் பார்க்கிறார். வைன் பற்றிக் கேட்டால், "ரசம் வரைக்கும் போதும் தங்கச்சி, மற்றதுக்குப் பேப்பர் எடுக்க என்ரை ஆயுள் காணாது" என்கிறார். நீதிமன்ற மனுவை நாங்கள் கைவிடவில்லை. விற்பதற்கு இல்லாவிட்டாலும், நாளை கிணறு ஆழமாக்கக் கடன் எடுக்கவேண்டி வந்தால் தேவைப்படும்.

மகன் கதை இன்னும் முடியவில்லை. பந்தலுக்குத் தூண் நட வந்து நின்றான், ஒரு மாதம் நன்றாக வேலை செய்தான், பிறகு கொழும்புக்குத் திரும்பிவிட்டான். கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறான். சித்தி பலேர்மோவிலிருந்து கிழமைக்கு ஒருமுறை எடுக்கிறா. அவன் போனால் போகட்டும், காணியை விற்று அனுப்பமாட்டேன் என்று அக்கா சொல்கிறார். சொல்லும்போது முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வருவதில்லை. அவன் என்னோடு பேசுவதும் குறைந்துவிட்டது. தாய்க்குக் கத்தரி வாங்கிக் கொடுத்தவள் நான் என்ற கோபம்.

போன கிழமை இரவு கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. மண்ணிறக் கொப்பில் பச்சையாக ஒரு கண் வெடித்திருந்தது. அதன் கீழே அக்காவின் குரல் பதிவு. "தங்கச்சி, இது புதுக்கொடி, வெட்டி ஒன்பதாம் நாள். பந்தலின்ரை கிழக்குப் பக்கக் கம்பி முழுக்க மாத்த வேணும். இஞ்சை சொல்லுற விலை கட்டாது. புறக்கோட்டையிலை ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும்."

நான்கு கடைகளில் விசாரித்து விலையை எழுதி அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை இரவு பஸ்ஸில் ஒரு சுருள் கம்பி ஏற்றவேண்டும்.